தீங்கில்லாத கட்டி

மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் கொலன்னாவையில் ஒரு தோழியின் வீட்டில் கூடுவோம். வாசித்ததைப் பேசுவோம், சண்டை பிடிப்போம், அவளுடைய பெரியம்மா தரும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு மழை வருவதற்குள் பஸ் பிடிப்போம். பெரியம்மா 1995 இடப்பெயர்வோடு வலிகாமத்தை விட்டவர். கொட்டாஞ்சேனையில் ஒரு அறை, வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் என்று சில வருடங்கள் கழிந்து, கடைசியில் வாடகை கட்டுப்படியான இடம் என்று கொலன்னாவைக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் பேச்சில் அவர் தலையிடுவதில்லை.

போன வருடம் ஒரு ஞாயிறு, பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டைக் கொப்பி, பாங்க் புத்தகம் எல்லாம் இருக்கிற டின். அதற்குள்ளிருந்து நாலாக மடித்த டயக்னோசிஸ் கார்ட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பிள்ளையள், இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

ஒப்பரேஷன் நடந்து பன்னிரண்டு வருடம். கார்ட்டில் இருந்தது மொத்தம் நாலு வரி, எல்லாம் இங்கிலிஷ், அதிலும் பாதி சுருக்கெழுத்து. பைப்ரொய்ட் யூட்ரஸ். ரீ.ஏ.எச். இரண்டு பைன்ட் இரத்தம். புற்றுநோய் இல்லை. அவ்வளவுதான். கருப்பை எடுத்தது அவருக்குத் தெரியும். கட்டி இருந்ததும் தெரியும். வார்ட்டில் ஒரு டொக்டர் சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்துக் கட்டில்காரி தமிழில் சொல்லியிருக்கிறார்: பயப்பிட வேண்டாம், அது தீங்கில்லாத கட்டி.

பெரியம்மா கேட்டார்: "தீங்கில்லாத கட்டியெண்டா எனக்கு ஏன் ரெண்டு பைன்ட் ரத்தம் ஏத்தினவை?"

எங்களில் ஒருத்தரிடமும் பதில் இருக்கவில்லை. எங்களில் இருவர் ஓ.எல்லில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவர்கள். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போய் வாசித்ததில் தட்டுப்பட்ட ஒரு நோயின் கதைதான் இது. பெரியம்மாவுக்கு வந்தது இந்த நோய் அல்ல. அவருக்கு வந்தது மிகச் சாதாரணமான ஒன்று. ஐம்பது வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு, தெரிந்தோ தெரியாமலோ, வருகிற ஒன்று. ஆனால் அந்தச் சாதாரணக் கட்டி மிக அரிதாகச் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டபிறகு "தீங்கில்லாத" என்ற சொல்லை நாங்கள் பழையபடி வாசிக்கவில்லை.

முதலில் கட்டி. கருப்பையின் சுவர் மழமழப்பான தசையால் ஆனது. அந்தத் தசையின் ஒரு கலம் தன்பாட்டில் பெருகத் தொடங்கினால் உருண்டையாக, இறுக்கமாக, வெட்டிப் பார்த்தால் நூல்பந்து சுற்றினமாதிரி ஒரு கட்டி உண்டாகும். இதை நார் இழையத்தால் ஆனது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். அது தசைதான் என்று நுணுக்குக்காட்டியில் காட்டியவர் ஜெர்மன் மருத்துவர் ருடொல்ப் விர்ஹோ, 1854இல். ஆனாலும் நாரைக் குறிக்கும் பைப்ரொய்ட் என்ற பிழையான பெயர் 1860களில் வந்து ஒட்டிக்கொண்டது, இன்றுவரை போகவில்லை. தமிழிலும் "நார்க்கட்டி" என்றே எழுதுகிறோம். பிழையையும் சேர்த்து மொழிபெயர்த்திருக்கிறோம்.

அதற்கு முன் எங்கட ஆக்கள் இதை அறியாமலா இருந்தார்கள்? சித்த வைத்தியத்தில் மிதமிஞ்சிய மாதப்போக்குக்குப் பெரும்பாடு என்று பெயர். அந்தச் சொல்லை உண்டாக்கியவர் யாரோ, அதை அனுபவித்த பெண்ணைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். வயிற்றில் திரளும் கட்டிகளுக்குக் குன்மம் என்று பெயர். சரக சங்கிதை குன்மங்களில் ஒன்றை, இரத்த குன்மத்தை, பெண்களுக்கு மட்டும் வருவது என்று தனியே பிரிக்கிறது. அது கர்ப்பம்போலவே காட்டும். ஆகவே பத்தாம் மாதம் கடந்தபிறகே வைத்தியம் செய்ய வேண்டும் என்கிறது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஸ்கேன் இல்லாத காலத்தில் பிள்ளையா கட்டியா என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் பிள்ளை போய்விடும். ஆனால் வயிறு வளர வளர, ஊரெல்லாம் வாழ்த்த வாழ்த்த, பத்து மாதம் காத்திருந்துவிட்டு "இது பிள்ளை இல்லை" என்று கேட்ட பெண்ணைப் பற்றி அந்த நூலில் ஒரு வரியும் கிடையாது.

யாழ்ப்பாணத்தில் இந்த விசயங்களைத் தமிழில் எழுத ஒரு அமெரிக்கர் வந்தார். மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன். 1857இலேயே ஒரு ஆங்கிலப் பிரசவ நூலைப் "பிரசவ வைத்தியம்" என்று தமிழில் கொண்டுவந்தார். 1864இலிருந்து மாணவர்களுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்", "வைத்தியாகரம்" என்று தொடர்ந்து நூல்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் கருப்பையைப் பற்றித் தமிழில் மருத்துவ மாணவர் வாசித்திருக்கிறார்கள். 2010களில் பெரியம்மாவின் கார்ட்டில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. இதற்குமேல் நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

வெட்டி எடுக்கும் வைத்தியம் பிறகு வந்தது, அதுவும் தவறுதலாக. 1843இல் மான்செஸ்டரில் சார்ள்ஸ் கிளே என்ற சத்திரசிகிச்சையாளர் சூலகக் கட்டி என்று நினைத்து வயிற்றைத் திறந்தார். இருந்தது கருப்பைக் கட்டி. கருப்பையை எடுத்தார், அந்தப் பெண் இறந்துபோனார். பத்து வருடம் கழித்து அமெரிக்காவின் லோவல் நகரத்தில் வால்டர் பேர்ணம் அதே பிழையைச் செய்தார். மயக்கமருந்தில் இருந்த பெண் வாந்தி எடுக்க, கட்டியோடு கருப்பை வெட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டதாம். உள்ளே திரும்பப் போடமுடியாமல் எடுத்தாராம். அந்தப் பெண் பிழைத்தார். வயிற்றைத் திறந்து கருப்பை எடுத்து ஒரு பெண் உயிர் தப்பியது அதுதான் முதல்முறை என்று வரலாறு எழுதுகிறது. எழுதும்போது பேர்ணமின் பெயரைத்தான் எழுதுகிறது.

இந்த இடத்தில் கொழும்புக்கு வருவோம். 1870 யூன் மாதம் 25 மாணவர்களோடு மருத்துவப் பள்ளி தொடங்கியது, எல்லாரும் ஆண்கள். 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையில் பிரசவ ஆஸ்பத்திரி திறந்தது; இன்று டி சொய்சா என்று நாங்கள் சொல்லும் அதே இடம். கொலன்னாவைப் பெண்கள் பிள்ளை பெறப் போகும் தூரம்தான். மருத்துவப் பள்ளியில் பெண்களைச் சேர்த்தது 1892இல். ஆளுநர் ஹவ்லொக்கின் மனைவியின் பெயரில் பெண்களுக்கென்று லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரி வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான்.

பெண்களுக்குத் தனி ஆஸ்பத்திரி, பெண் டொக்டர் என்று ஏன் அந்தப் பாடு? கருப்பைக் கட்டியை அன்றைக்குக் கண்டுபிடிக்க ஒரே வழி கைதான். ஒரு கை வயிற்றின் மேல், மற்றக் கை உள்ளே. ஆண் டொக்டர் அப்படிச் சோதிப்பதற்கு எந்த வீட்டில் விடுவார்கள்? எந்தப் பெண்தான் சம்மதிப்பார்? ஆகவே வெளுத்துப்போய், மூச்சு வாங்கி, கடைசியில் படுக்கையில் விழும்வரைக்கும் அவர்களின் கட்டி ஒருவர் கையிலும் படவில்லை.

1896ஆம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்த வருடம் கனடாவின் ஒன்ராறியோவில் பிறந்து ரொறன்ரோவில் மருத்துவம் படித்த மேரி ஏர்வின் என்ற 23 வயதுப் பெண் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலை செய்யவென்று ஏற்பாடாகி வந்தவர். ஆனால் அவர் ஒரு தமிழரை, கனகரத்தினம் என்பவரை, மணம் முடித்திருந்தார். சுதேசியைக் கட்டிய வெள்ளைக்கார டொக்டரை மிஷன் ஏற்கவில்லை. மேரி இரத்தினம் கொழும்பில் தங்கினார். லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் கொஞ்சக்காலம், பிறகு தனியாக, பெண்களுக்கு வைத்தியம் செய்தார். வாக்குரிமைக்கு நின்றார், 1930இல் மகிளா சமிதியைத் தொடங்கினார், 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அவருடைய அரசியலை எல்லாரும் எழுதுகிறார்கள். எங்களுக்கு அதைவிட, ஐம்பது வருடத்துக்கும் மேலாக அவர் முன்னால் வந்து உட்கார்ந்த பெண்கள் வேறு ஒருவரிடமும் சொல்லாத எதைச் சொன்னார்கள் என்பதில்தான் ஆசை.

அதே 1896இல் லைப்சிக் நகரத்தில் நோயியல் பேராசிரியர் பீலிக்ஸ் விக்டர் பிர்ஷ்-ஹிர்ஷ்பெல்ட் தன் பாடநூலின் புதிய பதிப்பில் ஒரு விசித்திரத்தைக் குறித்தார். கருப்பையின் தசைக்கட்டி நாளங்களுக்குள் வளர்ந்திருந்தது. இந்த நோயின் வரலாறு வழமையாக அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நாளத்துக்குள் வளர்வது என்றால் என்ன என்பதை விளங்கப்படுத்தவேண்டும். சாதாரண பைப்ரொய்ட் வளர்ந்தால் பக்கத்தில் உள்ளதை அமத்தும்: சிறுநீர்ப்பையை, குடலை, முதுகை. ஆனால் தன் எல்லைக்குள்ளேயே நிற்கும். இது அப்படி நிற்காது. கருப்பைச் சுவரில் ஓடும் மெல்லிய நாளத்துக்குள் முளைவிட்டு, அதன் குழிவழியே, இரத்தம் போகும் திசையில் தானும் போகும். கருப்பை நாளத்திலிருந்து இடுப்பு நாளத்துக்கு. அல்லது சூலக நாளத்தின் வழியாக: வலப்பக்கம் என்றால் அது நேரே கீழ்ப் பெருநாளத்தில் விழும், இடப்பக்கம் என்றால் சிறுநீரக நாளத்தில் ஏறிப் பிறகு பெருநாளத்துக்கு வரும். எந்த வழியால் போனாலும் கீழ்ப் பெருநாளம் முடியும் இடம் ஒன்றுதான். இதயத்தின் வலச் சோணையறை. அங்கிருந்து முக்கூர் வால்வைத் தாண்டி இதயவறைக்கு, சிலரில் நுரையீரலுக்குப் போகும் நாடிக்குள்ளும். கருப்பையில் வேர், இதயத்தில் நுனி. மருத்துவர்கள் புழு மாதிரி என்று எழுதுகிறார்கள். படத்தைப் பார்த்தபோது எங்களில் ஒருத்தி சொன்னாள், "பந்தலில தொங்கிற புடலங்காய், தலைகீழா."

இதயம்வரை போனதை முதலில் எழுதியவர் ஹேர்மன் டூர்க், 1907இல், மியூனிக் மருத்துவ வாரப் பத்திரிகையில். கட்டுரையின் தலைப்பே விசயத்தைச் சொல்லிவிடுகிறது: கருப்பைக் கட்டி ஒன்று கீழ்ப் பெருநாளம் வழியே அறுபடாமல் இதயத்துக்குள் வளர்ந்து சென்றது பற்றி. அந்தக் காலத்தில் இப்படியான நீளத்தை அளக்க வழி ஒன்றுதான் இருந்தது: பிரேதப் பரிசோதனை மேசை.

இது எங்கிருந்து தொடங்குகிறது என்று இரண்டு கட்சி. 1903இல் க்னவர், இது நாளத்தின் சுவரில் இருக்கும் தசையிலிருந்தே பிறக்கிறது என்றார். 1911இல் சிட்சன்பிரை, இல்லை, கருப்பையில் ஏற்கெனவே இருக்கும் கட்டிதான் நாளத்தை ஊடுருவுகிறது என்றார். நூறு வருடம் தாண்டியும் இரண்டும் பாடநூல்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இந்தக் கலங்களில் 12ஆம் 14ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறியிருப்பதைப் பின்னாளில் கண்டார்கள். சாதாரண பைப்ரொய்ட் சிலவற்றிலும் அதே இடமாற்றம் உண்டு. அது சிட்சன்பிரையின் பக்கம் கொஞ்சம் சாய்வதாக எங்களுக்குப் படுகிறது, ஆனால் நாங்கள் நோயியலாளர்கள் இல்லை.

சங்கதி என்னவென்றால், நுணுக்குக்காட்டியில் இந்தக் கலங்கள் அப்பாவிகள். ஒரே அளவு, ஒழுங்கான கரு, கலப்பிரிவு மிகக் குறைவு. புற்றுநோய்க்குரிய ஒரு அடையாளமும் இல்லை. 1975இல் வாஷிங்டனின் ஆயுதப்படை நோயியல் நிறுவனத்தில் நொறிஸ், பாம்லி என்ற இருவர் 14 பெண்களின் கட்டிகளை ஒன்றாக வைத்துப் படித்து, இந்த நோய்க்கு இன்றும் பயன்படும் வரையறையைத் தந்தார்கள். முடிவு அதேதான்: தீங்கற்ற கட்டி. தீங்கற்ற கட்டி ஒன்று வால்வை அடைத்துக்கொண்டால் பெண் எழும்பி நின்ற இடத்திலேயே மயங்கி விழுவார். சிலர் எழும்பவில்லை.

எங்களுக்கு இந்த இடத்தில்தான் பெரியம்மாவின் கேள்வி விளங்கியது. "தீங்கற்ற" என்பது கலத்தைப் பற்றிய தீர்ப்பு. கண்ணாடித் துண்டில் சாயம் போட்டு வைத்த, ஒரு நகத்தளவு இழையத்தைப் பற்றிய தீர்ப்பு. அது எங்கே வளர்கிறது, எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது, அந்த மனிசி எத்தனை வருடம் சிவப்புத் துணியோடு கார்மெண்ட்ஸில் நின்று வேலை செய்தார் என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. நோயியலாளர் பிழை சொல்லவில்லை. கண்ணாடித் துண்டிலிருந்து கட்டில்வரை அந்தச் சொல் வந்துசேரும்போதுதான் அர்த்தம் மாறுகிறது: "உனக்கு ஒண்டும் இல்லை" என்றாகிவிடுகிறது. பெரியம்மா ஒப்பரேஷனுக்கு முன் ஏழு வருடம் இரத்தம் போனவர். இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார். இரண்டு இடத்திலும் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து, "இந்த வயதில இப்பிடித்தான்" என்று அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொரு சொல்லும் எங்களைச் சுற்றவிட்டது. தமிழில் வளர்ச்சிக்கும் கட்டி, உறைந்த இரத்தத்துக்கும் கட்டி. மொழியின் குறை என்று நினைத்தோம். பிறகு பார்த்தால் இந்த நோயில் டொக்டர்மாருக்கும் அதே குழப்பம். மூச்சு வாங்குது, கால் வீங்குது என்று வரும் பெண்ணின் இதயத்தை எக்கோவில் பார்த்தால் ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். இரத்தக்கட்டி என்று நினைத்து இரத்தத்தை இளக்கும் மருந்து கொடுப்பார்கள். அல்லது இதயத்திலேயே பிறந்த கட்டி என்று நினைத்து நெஞ்சைத் திறப்பார்கள். திறந்து பிடித்து இழுத்தால் முடிவில்லாமல் கீழே இருந்து வந்துகொண்டிருக்கும். இதயத்தைப் பார்க்கும் டொக்டர் கருப்பையைப் பற்றிக் கேட்பதில்லை, கருப்பையைப் பார்ப்பவர் மூச்சைப் பற்றிக் கேட்பதில்லை. இரண்டும் ஒரே பெண்ணுக்குள் இருப்பது இரண்டு கிளினிக்குக்கும் தெரியாது.

பார்க்கும் கருவி வந்தது 1958இல். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் கப்பல்கட்டும் இடங்களில் உலோகத்தின் வெடிப்பைத் தேடும் ஒலியலைக் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார். அந்தக் கட்டுரையில் வரும் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் தீராத புற்றுநோய் என்று ஏற்கெனவே கைவிட்டிருந்தார்கள்; டொனால்ட் பார்த்தபோது அது எடுத்துவிடக்கூடிய சூலக நீர்க்கட்டி. இன்று நாங்கள் ஸ்கேன் என்று சர்வசாதாரணமாகச் சொல்வது, பெண் வயிற்றில் உள்ள கட்டி எது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

எடுக்கும் வழி அதற்கும் கொஞ்சம் முன்பின். 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன், இதயத்தின் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்து முதல்முறை வெற்றிகரமாகச் சத்திரசிகிச்சை செய்தார். அது இல்லாமல் இந்த நோயில் இதயத்துக்குள் கைவைக்க முடியாது. மார்ஷல், மொரிஸ் என்ற இருவர் 1959இல் நாளத்துள் வளரும் இந்தக் கட்டியை ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார்கள். 1974இல் மண்டல்பாம் குழுவினர் பெருநாளம் வழியே வந்து முக்கூர் வால்வை அடைத்த கட்டியை எடுத்ததைப் பதிவு செய்தார்கள். டூர்க் செத்த உடலில் கண்டதை உயிருள்ள பெண்ணிடமிருந்து எடுக்க 67 வருடம் பிடித்திருக்கிறது.

கட்டி பெரும்பாலும் இதயச் சுவரில் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும் என்பது ஒரு நல்ல காலம். நெஞ்சு, வயிறு இரண்டையும் ஒரே நாளில் திறந்தோ, இரண்டு தடவையாகவோ எடுப்பார்கள். இதயச் சத்திரசிகிச்சையாளர், நாளங்களைப் பார்ப்பவர், பெண்நோயியலாளர் மூவரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கவேண்டும். இது ஈஸ்ட்ரோஜன் ஓமோனில் வளரும் கட்டி. ஆகவே சூலகங்களையும் எடுக்கும்படி சொல்வதுண்டு. முழுமையாக எடுக்காமல் விட்டால் வருடங்கள் கழித்துத் திரும்பி வரலாம்.

கருப்பையை எடுப்பதா விடுவதா என்ற தகராறு சாதாரணக் கட்டியிலும் பழசு. லண்டனில் விக்டர் பொனி என்ற சத்திரசிகிச்சையாளர் இருந்தார். கலியாணம் முடித்துச் சிறிது காலத்திலேயே அவருடைய மனைவிக்கு பைப்ரொய்ட்டுக்காகக் கருப்பையை எடுக்க வேண்டி வந்தது. பிள்ளையில்லை. மனிதர் பிறகு வாழ்க்கை முழுவதும் கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையை விட்டுவிடும் முறையைத் திருத்தித் திருத்தி வளர்த்தார். ஒரே கருப்பையிலிருந்து 225 கட்டிகள் எடுத்த கதையும் உண்டு. வீட்டுக்குள் நடந்தால்தான் ஆண் டொக்டருக்கு விளங்கும் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் அது அநியாயம் என்றோம். ஆனால் கருப்பையை எடுப்பது சுலபம், விடுவதுதான் கஷ்டம் என்று ஒரு சத்திரசிகிச்சையாளரை நினைக்கவைத்தது எது என்பதை நாங்கள் மறக்கவில்லை.

வாசிக்கிறவர்களைப் பயப்படுத்த இதை எழுதவில்லை. நாளத்துக்குள் வளரும் வகை மிக மிக அரிது; உலகம் முழுவதிலும் மருத்துவ இதழ்களில் வந்தவை சில நூறுதான், அவற்றிலும் இதயம்வரை போனவை சிறுபங்கு. உங்கட அம்மாவுக்கோ மாமிக்கோ பைப்ரொய்ட் என்றால் அது வெறும் பைப்ரொய்ட்டாகவே இருக்கும். ஆனால் ஒன்று. இந்த நோயோடு வந்தவர்களில் பெரும்பாலானோர் நாற்பதுகளில் இருந்தவர்கள், பலர் முன்பே பைப்ரொய்ட்டுக்கு ஒப்பரேஷன் செய்தவர்கள், சிலர் கருப்பை எடுத்துப் பல வருடம் ஆனவர்கள். அப்படி ஒருவருக்குக் காரணமில்லாமல் கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், எழும்பும்போது மயக்கம் வந்தால், இதயத்தைப் பார்க்கும் டொக்டரிடம் பழைய ஒப்பரேஷனையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்லுங்கள். சொல்வதற்கு முதலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், என்ன எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று. எங்களில் ஐந்து பேர் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். கருப்பை எடுத்த அம்மாமார், சித்திமார் நாலு பேர் இருந்தார்கள். சூலகம் இருக்கா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு பெரியம்மாவின் கார்ட்டைத் திரும்ப எடுத்தோம். மருத்துவம் படிக்கும் ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். ரீ.ஏ.எச். என்றால் கழுத்தோடு சேர்த்துக் கருப்பை முழுவதையும் வயிற்று வழியே எடுத்தது. சூலகங்களையும் எடுத்திருந்தால் பக்கத்தில் பி.எஸ்.ஓ. என்று எழுதியிருப்பார்கள். எழுதவில்லை. ஆகவே சூலகம் இரண்டும் விடப்பட்டிருக்கின்றன. இரத்தம் ஏற்றியது கட்டியின் வேலைக்காக: ஏழு வருடம் போன இரத்தத்தில் ஹீமோகுளோபின் அவ்வளவு இறங்கியிருந்தது, அதன் எண்ணும் ஒரு மூலையில் சின்னதாக எழுதியிருந்தது. அந்த இரத்தம் இல்லாமல் மயக்கம் கொடுத்திருக்கவே முடியாது.

கார்ட்டின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் நீல மையால், தெளிவான தமிழில், ஆறு வரி எழுதினோம். என்ன வருத்தம், எப்போது, எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், இரத்தம் எவ்வளவு, ஏன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"சூலகம் உள்ளுக்கதான் இருக்கோ?"

"ஓம் பெரியம்மா. ரெண்டும்."

"நான் எல்லாத்தையும் வழிச்செடுத்திட்டினம் எண்டெல்லே இவ்வளவு காலமும் நினைச்சன்." கார்ட்டை நாலாக மடித்தார். பிறகு திரும்ப விரித்தார். "பக்கத்து வீட்டு மனிசிக்கும் இப்பிடி ஒரு கார்ட் இருக்கு. அவ சிங்களம். கொண்டரச் சொல்லட்டே?"

சொல்லச் சொன்னோம். சிங்களத்தில் எழுதுவதற்கு ஆள் தேடவேண்டும்.